போருக்குப் பின் வந்த பொழுதுகள்

போர்களைப் பற்றி எழுதுவோர், கடைசிப் பீரங்கி ஓய்ந்ததும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவது வழக்கம். எந்தப் படை வென்றது, எந்தக் கோட்டை வீழ்ந்தது, எந்த மன்னன் முடியிழந்தான் என்பனவெல்லாம் ஏடுகளில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. அந்தப் போரில் துப்பாக்கி தாங்கி நின்றவன் அதன் பின்னரும் உண்டு, உறங்கி, நோயுற்று, மூப்படைந்தான் என்பதை மட்டும் ஏனோ மறந்துபோகிறோம். போர் அவன் வாழ்வில் ஓரிரு ஆண்டுகளே. எஞ்சிய நீண்ட காலம் அவனுடைய சொந்தக் கதை. அந்தக் கதையைத் தேடிப் போனால், அமெரிக்க நாட்டின் ஏரிக்கரை ஒன்றிலும், நம் குண்டசாலைக்குச் சற்று மேலே மகாவலிக் கரையிலும், ஒரே தலைமுறையைச் சேர்ந்த சிலரை நாம் சந்திக்கிறோம்.

முதலில் ஏரிக்கரைக்குப் போவோம்.

ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து அமெரிக்கர் நடத்திய புரட்சிப் போரில் பணிபுரிந்த வீரருள் ஒருவர் பெனாயா வோல்காட். கனெடிகட் நாட்டு டான்பரி என்னும் ஊரினர். அவ்வூரை 1777 ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை தீயிட்டுக் கொளுத்தியது. போரினால் வீடிழந்த மக்களுக்கு ஈடாக மேற்கே, ஈரி ஏரிக்கரையில், 5,00,000 ஏக்கர் காட்டு நிலத்தைக் கனெடிகட் அரசு 1792இல் ஒதுக்கிற்று. தீயில் வெந்தவர்களுக்குக் கிடைத்த நிலம் ஆதலின் ‘தீநிலம்’ என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. அந்தப் பக்கத்துத் தீபகற்பம் ஒன்றில் வோல்காட் 1809இல் தம் குடும்பத்தோடு போய்க் குடியேறினார். காடு வெட்டி வீடு கட்டிய சில ஆண்டுகளிலேயே, 1812இல், ஆங்கிலேயரோடு மீண்டும் போர் மூண்டது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கிளீவ்லண்ட் பக்கம் ஓடவேண்டியதாயிற்று. அங்கே மனைவி இறந்தாள். அமைதி திரும்பிய பின், மனைவியை இழந்த அம்மனிதர் தம் பழைய நிலத்துக்கே மீண்டார்.

1821இல் அந்தத் தீபகற்பத்தின் முனையில், அவ்விடத்துச் சுண்ணக்கல்லைக் கொண்டே 50 அடி உயரமுள்ள கலங்கரை விளக்கம் ஒன்று எழுந்தது. நம் யாழ்ப்பாணத்தார் வெளிச்சவீடு என்று சொல்லும் அதே வகைக் கட்டடந்தான். மறு ஆண்டு அதன் முதற் காவலராக நியமனம் பெற்றவர் வோல்காட். திமிங்கில எண்ணெயில் எரியும் 13 விளக்குகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒளியைத் திருப்பி வீசும் உலோகத் தட்டு. மாலையில் ஏறி ஏற்றவேண்டும். இரவில் திரி கருகினால் கத்தரிக்கவேண்டும். எண்ணெய் குறைந்தால் ஊற்றவேண்டும். காலையில் பதின்மூன்று தட்டுகளிலும் படிந்த புகைக்கரியைத் துடைத்துப் பளபளக்கச் செய்யவேண்டும். கடந்துபோகும் மரக்கலங்களைக் குறித்து வைப்பதும் அவர் வேலை. பத்து ஆண்டுகள் இதைச் செய்தார். 1832இல் அந்த ஏரிகளின் வழியே சென்ற கப்பல்களில் வாந்திபேதி பரவிற்று. கரையில் விடப்பட்ட பிணங்களை அடக்கம் செய்யப் போய் அந்நோயைத் தாமும் பெற்றார் என்று அவ்வூரார் சொல்வர். அவர் கண்மூடியதும் அவருடைய இரண்டாம் மனைவி ரேச்சல், விளக்கின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டாள். அமெரிக்கப் பேரேரிகளில் விளக்குக் காத்த முதற் பெண் அவளே என்பர்.

புரட்சிப் போர் வீரருக்கு விளக்குப் பணி கிடைத்தது வோல்காட்டோடு நின்றதன்று. போர்ட்லண்ட் முனையில் எழுந்த விளக்குக்கு 1791இல் ஜார்ஜ் வாஷிங்டன் நியமித்த ஜோசப் கிரீன்லீஃப் என்பவரும் அப்போரில் பணியாற்றியவரே. தொடக்கத்தில் அவருக்குச் சம்பளம் என்று ஒன்றுமில்லை. வீட்டில் குடியிருக்கலாம், மீன் பிடிக்கலாம், பக்கத்து நிலத்தில் பயிரிடலாம், அவ்வளவுதான். புதிதாய்ப் பிறந்த அரசு தன் வீரனுக்குச் செய்த நன்றி அத்துணைச் சிறியது என்று நகைக்கலாம். ஆயினும் ஒரு வீடும், ஒரு வேலையும், அந்த வேலைக்கு ஒரு பொருளும் அவனுக்குக் கிடைத்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

இரண்டையும் இணைக்கும் கண்ணி ஒன்று உண்டு. 1781இல் அமெரிக்கப் புரட்சியாளரை அடக்குவதற்காகத் தென் கரோலினாவுக்கு அனுப்பப்பட்ட ஆங்கிலப் படைகளுள் 19 ஆம் காலாட்படையும் ஒன்று. அங்கே தோற்ற அரசின் அதே படைப்பிரிவு, ஒல்லாந்தரிடமிருந்து இலங்கைக் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய 1796 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. ஏழு ஆண்டுகளின் பின் கண்டிக்கு ஏறியதும் அதே படைதான்.

குண்டசாலையை அறிந்தவர்களுக்கு அந்த மண்ணின் பழமையும் தெரிந்திருக்கும். இன்று விவசாயப் பாடசாலையாலும் தோட்டங்களாலும் பெயர்பெற்ற அவ்வூர், ஒரு காலத்தில் அரசன் உறைந்த ஊர். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன் தலைநகரின் ஆரவாரத்தை விட்டு அங்கே அரண்மனை அமைத்து வாழ்ந்தான். சிங்கள அரச மரபில் கடைசி மன்னன் அவனே. அவனுக்குப் பின் முடிசூடியவன் மதுரையிலிருந்து வந்த அவன் தேவியின் தம்பி. நாயக்க வமிசம் கண்டி அரியணை ஏறிய கதைக்குக் குண்டசாலை இவ்வாறு வாயிலாக நிற்கிறது. அந்த வமிசத்தின் நான்காவது மன்னன் காலத்தில்தான் நாம் சொல்லவந்த நிகழ்ச்சி நடந்தது.

கண்ணுசாமி என்னும் இளைஞன் 1798இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரோடு அரசனானான். அரசனாக்கியவன் முதலாம் அதிகாரமாகிய பிலிமத்தலாவை. தான் ஆட்டுவித்தபடி ஆடுவான் என்று எண்ணி ஏற்றிய பொம்மை தானே ஆடத் தொடங்கியபோது, அதிகாரத்தின் கண்கள் கொழும்பில் இருந்த ஆங்கில ஆளுநர் நோர்த்தின் பக்கம் திரும்பின. நோர்த்தின் கண்களோ முன்னமே கண்டியின் பக்கம் திரும்பியிருந்தன. புத்தளத்து வணிகர்களின் பாக்குப் பொதிகளைக் கண்டியார் பறித்துக்கொண்டதை ஒரு காரணமாக்கி, 1803 சனவரி இறுதியில் தளபதி மக்டவல் கொழும்பிலிருந்து புறப்பட்டான். திருகோணமலையிலிருந்து கேர்னல் பார்பட் மற்றொரு படையோடு வந்தான். பெப்ரவரி 20, 21 தேதிகளில் இருவரும் கண்டியை அடைந்தபோது ஊரில் ஆளில்லை. அரண்மனை எரிந்துகொண்டிருந்தது. கண்டியாரின் பழைய போர்முறை அது. பறங்கியரும் ஒல்லாந்தரும் அதை அனுபவித்தவர்கள். வெறும் ஊரைப் பிடிக்க விடுவார்கள். மழையும் காய்ச்சலும் பின்னர் வந்து தம் வேலையைச் செய்யும்.

ஆங்கிலேயர் தம்மோடு ஓர் அரசனையும் கொண்டு வந்திருந்தனர். இறந்த மன்னன் ராஜாதி ராஜசிங்கனின் மைத்துனன் முத்துசாமி. மார்ச் மாதத்தில் அவனுக்கு முடிசூட்டினார்கள். குடிகளில் ஒருவரும் வந்து வணங்கவில்லை. சாமரமும் சிவிகையும் இருந்தும், வணங்க ஆளில்லாத அந்த அரண்மனையில் அவன் இருந்த மூன்று மாதத்தை நினைக்கும்போது நமக்கு இரக்கமே உண்டாகிறது. நம்மவன் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இரு வல்லரசுகளின் சூதாட்டத்தில் காயாக நகர்த்தப்பட்டவன் எவனாயினும் இரங்கத்தக்கவனே.

ஏப்ரல் முதல் நாள் மக்டவல் கொழும்புக்குத் திரும்பினான். 300 ஐரோப்பியரும் 700 மலாயரும் கொண்ட காவற்படை கண்டியில் எஞ்சிற்று. மழை தொடங்கியது. காய்ச்சல் பரவிற்று. கொசு அந்நோயைக் கொண்டு செல்கிறது என்பதை ரொனால்ட் ரோஸ் 1897இல் காட்டும்வரை, மலைநாட்டுக் கெட்ட காற்றுத்தான் அதற்குக் காரணம் என்று எல்லோரும் நம்பியிருந்தனர். வெள்ளையர் நாள்தோறும் செத்தனர். பார்பட்டும் காய்ச்சலுக்கு இரையானான். அடுத்த தலைமை, மலாயப் படையின் மேஜர் ஆடம் டேவியின் தலையில் விழுந்தது. தமக்கு அனுபவம் போதாது என்று அஞ்சியவர் அவர். விரும்பி ஏற்றுக்கொண்ட பதவியன்று அது.

1803 சூன் 24 ஆம் நாள் விடியுமுன் கண்டியார் சூழ்ந்து தாக்கினர். நண்பகல் கழிந்தபோது டேவி வெள்ளைக்கொடி காட்டினார். உடன்பாடு எழுதப்பட்டது. படை தன் ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம். முத்துசாமியும் உடன் போகலாம். நடக்கமுடியாத நோயாளிகளைக் கண்டியார் பராமரித்துப் பின்னர் அனுப்பிவைப்பர். மாலை 5 மணியளவில் புறப்பட்டார்கள். சுமார் 30 ஐரோப்பியர், 250 மலாயர், பீரங்கி இழுக்கும் லஸ்காரியர், அவர்களோடு முடியிழந்த முத்துசாமி. மூன்று மைல் நடந்து வட்டப்புலுவை என்னும் இடத்தில் மகாவலியைக் கண்டார்கள். ஆறு கரைபுரண்டு ஓடிற்று. ஓடம் ஒன்றுமில்லை.

இப்பொழுது அந்த ஆற்றைப் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்காது. பொல்கொல்லையில் 1976இல் அமைந்த அணை, நீரின் பெரும் பகுதியைச் சுரங்க வழியே வடக்கே திருப்பிவிடுகிறது. அணையில்லாத காலத்தில் தென்மேற்குப் பருவமழை மலைகளில் கொட்டும்போது, கம்பளையிலிருந்து பேராதனை, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டியை மாலைபோல் வளைத்துக்கொண்டு குண்டசாலையை நோக்கி இறங்கும் மகாவலி, கடக்க முடியாத ஓர் அகழியாகவே இருந்தது. கண்டியின் உண்மையான கோட்டைச் சுவர் கல்லால் ஆனதன்று, நீரால் ஆனது.

மூங்கிலை வெட்டித் தெப்பம் கட்ட முயன்றனர். ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றை அக்கரையில் நின்றோர் அறுத்துவிட்டனர். அரசனின் தூதர் வந்து, முத்துசாமியைத் தந்தால் ஓடமும் தெப்பமும் தருவோம் என்றனர். டேவி முதலில் மறுத்தார். மீண்டும் வந்தனர். அவனுக்கு ஒரு தீங்கும் வராது, அரசனின் உறவினன் அல்லவா என்றனர். டேவி இணங்கினார். ஆங்கிலப் படையின் ஆற்றலை நம்பி வந்த என்னையா ஒப்படைக்கிறீர் என்று முத்துசாமி கேட்டதாகப் பின்னர் உயிர்தப்பி வந்தவன் சாட்சியம் சொன்னான். அவனைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். டேவியின் வாழ்க்கையில் பின்னர் வந்த துன்பங்கள் யாவற்றையும் நாம் மன்னித்து இரங்கலாம். இந்த ஒரு செயல் மட்டும் எந்தத் தராசிலும் தாழ்ந்தே நிற்கும். அந்தக் கணத்தில் அவர் எண்ணியது தம் படையின் உயிரை. அதுவும் காப்பாற்றப்படவில்லை.

சூன் 26 ஆம் நாள் ஆயுதங்களைப் போட்டுவிட்டுக் கண்டிக்குத் திரும்புமாறு கட்டளை வந்தது. போட்டார்கள். பின்னர் ஐரோப்பியரைத் தனியே பிரித்து, இருவர் இருவராக அழைத்துச் சென்று வெட்டினார்கள். கண்டியில் விடப்பட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளும் படுக்கையிலேயே கொல்லப்பட்டனர். மலாயரில் பலர் அரசனின் சேவையில் சேர்ந்தனர். சேர மறுத்த மலாயத் தலைவன் நூர்தீன் தன் உயிரைக் கொடுத்தான். ஆங்கிலேய நூல்கள் டேவியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. தான் உண்ட உப்புக்காக உயிர்விட்ட நூர்தீனுக்கு ஒரு பத்திதான். கொல்லாமல் விடப்பட்ட அதிகாரிகள் டேவியும் வேறு இருவரும். அவ்விருவரும் பின்னர்ச் சிறையிலேயே மாண்டனர்.

இந்த இடத்திலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது என்று சொல்லலாம். ஏனெனில் அந்தக் கொலைக்களத்திலிருந்து எழுந்து நடந்தவர்கள் உண்டு.

19 ஆம் படையைச் சேர்ந்த கோர்ப்பரல் ஜார்ஜ் பார்ன்ஸ்லி அவர்களுள் ஒருவன். கழுத்தின் பின்புறத்தில் வெட்டுப்பட்டு வீழ்ந்தவன், பிணம்போல் கிடந்தான். இரவில் ஊர்ந்து ஆற்றங்கரைக்கு வந்தான். கழுத்து நரம்புகள் அறுபட்டுத் தலை நிற்காமல் தொங்கவே, ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு நடந்தான் என்பது அவனைப் பற்றி வழங்கும் செய்தி. அந்த நிலையில் வெள்ளம் பாயும் மகாவலியை நீந்திக் கடந்தான். அக்கரையில் அவனைக் கண்ட கண்டிக்காரர் கொல்லவில்லை, இரக்கங்கொண்டு காப்பாற்றினர். மாத்தளைப் பக்கத்தில் இருந்த மக்டவல் கோட்டையை அடைந்து, கண்டியிலிருந்த படை அழிந்தது என்ற செய்தியை முதலில் சொன்னவன் அவனே. அவன் வாய்மொழியால்தான் அங்கிருந்த கப்டன் மட்ஜும் ஆட்களும் திருகோணமலைக்குத் தப்பியோட முடிந்தது.

அப்பேர்ப்பட்டவனை என்ன செய்தார்கள்? சார்ஜண்டாக உயர்த்தினார்கள். அவன் குடித்தான். பதவியைப் பறித்தார்கள். உடல் கெட்டவன் என்று கூறிக் கடைசியில் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றினார்கள். ஒவ்வோர் இரவும் கண்ணை மூடினால் அந்த ஆற்றங்கரை எதிரே வரும் மனிதன் குடித்தானே என்று நாம் வியப்பதற்கில்லை. ஒரு விளக்கையோ ஒரு வாயிற்கதவையோ காக்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று எண்ணாமலும் இருக்கமுடியவில்லை.

டேவியின் கதை வேறு. கண்டியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலுமாக அவரை அரசன் காவலில் வைத்திருந்தான். விலங்கு பூட்டிய இருட்டறை அன்று. நாடு முழுவதுமே சிறையாக இருந்தது. மலையும் காடும் ஆறும் சூழ்ந்த நாட்டிலிருந்து வெள்ளைத் தோலோடு எவன் ஓடமுடியும்? தாடி வளர்ந்தது. ஆடை கிழிந்தபின் கண்டியாரின் உடையையே உடுத்தார். பேசுவதற்கு அவர் மொழி அறிந்தவர் அருகில் இல்லை. நோய் விடவில்லை. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன் 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டு இதே மலைநாட்டில் சிறையிருந்து தப்பி நூலெழுதியதை வாசகர் அறிவர். நொக்ஸ் இளைஞனாக வந்தவன். வீடு கட்டினான், தொப்பி பின்னினான், கடன் கொடுத்தான், ஊராரோடு பழகி வழி கண்டுகொண்டான். டேவியோ தோற்ற தளபதி. தம்மை நம்பியவர் எல்லாரும் இறந்தபின் தாம் மட்டும் உயிரோடிருக்கும் பாரத்தைச் சுமந்தவர். அவரால் தொப்பி பின்ன முடியவில்லை.

கிடைத்த துண்டுத் தாள்களில் பென்சிலால் கடிதம் எழுதி, ஒற்றர் கையில் ஒளித்துக் கரையோரத்துக்கு அனுப்பினார். தம்மை மீட்குமாறு கெஞ்சினார். நோவைத் தாங்க அபினிச் சாறு அனுப்புமாறு கேட்டார். ஜோன் டொயிலி என்ற அதிகாரி, சிங்கள மொழியில் வல்லவர், கண்டிச் செய்திகளை ஒற்றர் வழியாகத் திரட்டி 1810 முதல் நாட்குறிப்பில் எழுதிவந்தார். எந்தப் பிரதானி அரசனோடு மனத்தாங்கல் கொண்டான், எந்தக் கடவத்தில் காவல் பலப்பட்டது, பாக்கு என்ன விலை என்னும் குறிப்புகளின் இடையே டேவியின் பெயரும் வருகிறது. இன்ன ஆள் அவரைப் பார்த்தான். இன்ன ஆள் கடிதம் கொண்டுவர ஒப்பினான். அரசியல் தந்திரங்களின் பெரிய கணக்கில் அவர் ஒரு சிறு வரி.

அவரை மீட்கப் பேச்சுகள் நடவாமலில்லை. நோர்த்தின் பின் 1805இல் ஆளுநராக வந்த மெயிற்லண்ட் சிக்கனக்காரன்; வீண்போர் விரும்பாதவன். கண்டியோடு எழுதாத சமாதானம் ஒன்றை அவன் காத்துவந்தான். ஒரு மேஜருக்காக அந்தச் சமாதானத்தைக் குலைக்கவோ, அரசன் கேட்ட விலையைக் கொடுக்கவோ அவன் ஆயத்தமாக இல்லை. அரசாளும் முறையில் அது சரியாகவே இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. டேவி திரும்பி வந்தால் போர் ஏன் தோற்றது என்ற கேள்வியும் திரும்பி வரும். காய்ச்சல் நாட்டில் மழைக்கால முகப்பில் ஒரு படையைப் போதிய உணவும் மருந்தும் இன்றி விட்டுவந்தது யார், வெறும் ஊரில் பொம்மை அரசனுக்கு முடிசூட்டியது யார் என்றெல்லாம் அவர் வாயால் வெளிப்படும். வராத மனிதன்மேல் பழியைச் சுமத்துவது எளிது. அவ்வாறே கோழை டேவி என்று நெடுங்காலம் எழுதினார்கள். அவர் பக்கத்து நியாயத்தையும் நிதானமாக எடைபோட்டுச் சொன்னவர், 1973இல் கண்டிப் போர்களைப் பற்றி நூல் எழுதிய ஜெஃப்ரி பவல்.

1812 வாக்கில் டேவி இறந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுச் சிறை. அதே ஆண்டுதான் அங்கே ஈரி ஏரிக்கரையில் வோல்காட் தம் குடும்பத்தோடு ஓடியதும். உலகத்தின் இரு கோடிகளிலும் ஆங்கிலேயக் கொடியே அந்தந்தக் கதையின் ஓரத்தில் அசைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான். என் மனத்தில் மிக ஆழப் பதிந்தவன் அவனே.

பீரங்கிப் படையைச் சேர்ந்த தோயன், 1803 சூனில் கண்டி மருத்துவக் கூடத்தில் நோயாளியாகக் கிடந்தவன். மற்றவரைக் கொன்றபோது அவனையும் அடித்துப் பிணங்களோடு எறிந்தார்கள். உயிர் போகவில்லை. மறுநாள் கண்டு தூக்கில் இட்டார்கள். கயிறு அறுந்தது. மீண்டும் இட்டார்கள். மீண்டும் அறுந்தது. ஊர்ந்து போய் ஒரு குடிசையை அடைந்தான். அங்கே அவனுக்குச் சோறிட்டு மறைத்து வைத்தார்கள். செய்தி அரசன் காதுக்கு எட்டியது. இருமுறை கயிறறுந்தவனைத் தெய்வமே காக்கிறது என்று எண்ணினான் போலும். இவனை இனித் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டான். இருக்க வீடும் உண்ண உணவும் கொடுக்கச் செய்தான். கொடுங்கோலன் என்று ஆங்கிலேயர் சலியாமல் எழுதிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வாழ்வில் இதுவும் ஒரு பக்கம்.

தோயன் கண்டியிலேயே வாழ்ந்தான். முஸ்லிம் பெண் ஒருத்தியை மணந்தான். மகன் பிறந்தான். மலைநாட்டு மழையும் வெயிலும் மாறி மாறி வந்தன. பெரஹெராக்கள் வீதிவழி போயின. பன்னிரண்டு ஆண்டுகள்! துப்பாக்கி தூக்கிய கை விறகு சுமந்தது. கட்டளை கேட்ட காது சிங்களமும் தமிழும் கேட்டுப் பழகிற்று. தோற்றவனாகவும் இல்லை, வென்றவனாகவும் இல்லை, ஊரில் ஒருவனாக அவன் ஆனான். டேவிக்கும் அதே நாடுதான் வாய்த்தது. அதே அரசன்தான் அவரையும் உயிரோடு விட்டான். ஆயினும் ஒருவர் பென்சில் துண்டோடு கரையோரத்தையே பார்த்திருந்தார். மற்றவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதியில் நடந்தான். பதவியின் பாரம் இல்லாததுதான் தோயனைக் காத்தது என்று நினைக்கிறேன். யாரையும் அவன் ஒப்படைக்கவேண்டி நேரவில்லை. யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதுமில்லை.

1815 பெப்ரவரி 14 ஆம் நாள் ஆங்கிலப் படை மீண்டும் கண்டிக்குள் நுழைந்தது. இம்முறை பிரதானிகளின் துணையிருந்தது. நான்கு நாளில், தும்பறை மலைகளில் ஒளிந்திருந்த அரசனைப் பிடித்தார்கள். அவனுக்கும் இனி ஒரு நீண்ட சிறைவாழ்வு காத்திருந்தது. வேலூர்க் கோட்டைக்கு 1816இல் அனுப்பப்பட்டு, 1832 சனவரி வரை அங்கே இருந்து இறந்தான். டேவியைக் காவலில் வைத்தவன், டேவியைவிட ஏழெட்டு ஆண்டு கூடுதலாகக் காவலில் வாழ்ந்தான். பிறந்த தமிழ் மண்ணுக்குக் கைதியாகத் திரும்பிய அவன் வாழ்வைத் தனியே எழுதவேண்டும்.

வட்டப்புலுவையில் அந்தப் பழைய நிகழ்ச்சிக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. டேவியின் மரம் என்று அந்த இடத்துக்குப் பெயர். கல்லில் டேவியின் பெயர் நிலைத்துவிட்டது. முத்துசாமியின் பெயரால் அங்கே மரமில்லை. நூர்தீன் பெயராலும் இல்லை.

ஆங்கிலப் படை ஊருக்குள் வந்த அந்த நாட்களில், கண்டியார் போல் உடுத்து, வெயிலில் கறுத்த ஒருவன் அவர்களைத் தேடி வந்து தன்னைத் தெரிவித்துக்கொண்டான். தோயன்தான் அது. டேவி எப்படி இருந்தார், எப்படி மறைந்தார் என்றெல்லாம் அதிகாரிகள் கேட்டார்கள். அவன் சொல்லத் தொடங்கினான். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று யோசிக்கவேண்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டில் ஆங்கிலம் அவனுக்கு ஏறக்குறைய மறந்துபோயிருந்தது.